கம்பி வேண்டுமா? காற்று போதுமா?

கோவை கணபதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் லேத் பட்டறை. பின்பக்கம் குடித்தனம். வீட்டில் 5 பேர். பட்டறைக்காரர், அவருடைய தாயார், மகன், மருமகள், பிளஸ்-2 படிக்கும் மகள்.

இந்த 5 பேருக்கும் இன்டர்நெட் இல்லாமல் பொழுது போகாது. பொழுது மட்டுமா? பிழைப்பே நடக்காது!

பட்டறைக்காரருக்கு "இ-வே பில்" வேண்டும். வெளிமாநிலத்துக்கு 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு போனால், லாரி கிளம்பும் முன்பு இந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். 2018 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இதுதான் நடைமுறை. மருமகள் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் பெங்களூரில். வேலை வீட்டு மாடியில். மகளுக்குப் பாடம். மகனுக்கு கிரிக்கெட். பாட்டிக்கு சீரியல்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குழாய் பதிக்க ஜே.சி.பி. வந்தது. தெருவைத் தோண்டியது.

சுவரில் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது.

"மாமா, நெட்டு போயிருச்சுங்க!" என்று மாடியில் இருந்து மருமகள் கூவினாள்.

பட்டறைக்காரர் வெளியே ஓடினார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்பு வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது!

புகார் கொடுத்தார்கள். "நாளைக்கு ஆள் வருவார்" என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில். 3-ம் நாளும் அதே பதில். சீட்டுப் போடுவதற்காக மகன் செல்போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினான். மருமகள் 2 நாள் லீவு போட்டாள். 3-ம் நாள் லீவு கேட்கப் பயந்தாள்.

6-ம் நாள் ஓர் இளைஞர் வந்தார். கையில் ஒரு வெள்ளைப் பெட்டி.

"கம்பியே வேண்டாமுங்க! இதுக்குள்ளே சிம் கார்டு இருக்குது. கரண்டுல மாட்டினாப் போதும். யார் ரோட்டைத் தோண்டினா நமக்கு என்னங்க?" என்றார்.

பட்டறைக்காரர் தாயாரைப் பார்த்தார்.

"என்னமோ பண்ணு கண்ணு. சாயங்காலம் சீரியல் வரோணும்" என்றார் தாயார்.

கணபதியில் மட்டும் அல்ல, கொங்கு நாட்டில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. வீட்டுக்கு வரும் இன்டர்நெட் கம்பியை வெட்டி விடலாமா? காற்றில் வரும் இன்டர்நெட்டை நம்பிக் குடும்பம் நடத்தலாமா?

காற்று வழி வந்த கதை

இந்தியாவில் 5-ஜி சேவை 2022 அக்டோபர் 1-ந் தேதி டெல்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அது கோவைக்கு வந்தது.

முதலில் அது செல்போனுக்குத்தான். பிறகு கம்பெனிகள் ஒரு கணக்குப் போட்டன. டவர் நிற்கிறது. அதில் இடம் மிச்சம் இருக்கிறது. அதை வீடுகளுக்கு விற்றால் என்ன?

2023 ஆகஸ்டில் ஏர்டெல் கம்பெனி டெல்லியிலும் மும்பையிலும் "ஏர்பைபர்" என்று ஆரம்பித்தது. செப்டம்பர் 19-ந் தேதி ஜியோ கம்பெனி சென்னை உள்பட 8 நகரங்களில் ஆரம்பித்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. 2025-ம் ஆண்டு நடுவில், நாடு முழுவதும் 70 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இப்படிக் காற்று வழியில் இருந்தன. கம்பி வழி இணைப்புகள் 4 கோடிக்கு மேல். ஆகவே கம்பிதான் இன்னும் அண்ணன். ஆனால் தம்பி 2 வருடத்தில் வளர்ந்த வளர்ச்சி சாதாரணம் அல்ல.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் காற்று வழிக்கு வந்துவிட்டன.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? உங்கள் செல்போனில் இருப்பது போன்ற சிம்தான். அதே டவர்தான். செல்போன் டவரிடம் பேசுகிறது. இந்தப் பெட்டியும் டவரிடம் பேசுகிறது. பேசி வாங்கியதை வீட்டுக்குள் எல்லோருக்கும் பங்கு போடுகிறது. சில கம்பெனிகள் மொட்டை மாடியில் ஒரு வாங்கும் கருவியையும் மாட்டுகின்றன.

டாக்டர் பட்டம் அல்ல!

விளம்பரத்தில் "100 எம்.பி.பி.எஸ்." என்று போடுகிறார்கள். 100 டாக்டர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்! இது வேகத்தின் அளவு. 1 வினாடியில் எத்தனை மெகாபிட் செய்தி வருகிறது என்ற கணக்கு.

நல்ல தெளிவான படம் பார்க்க 5 அல்லது 6 மெகாபிட் வேகமே போதும். 4 பேர் சேர்ந்து பார்த்தாலும் 30 மெகாபிட்டில் வேலை முடிந்துவிடும். பின் எதற்கு 100, 300, 1000 என்று வாங்குகிறோம்? அண்டை வீட்டார் வாங்கியிருக்கிறார்கள். அதுதான் காரணம்!

எவ்வளவு வேகம் என்பதை விட, எந்த நேரத்திலும் அந்த வேகம் வருமா என்பதே முக்கியம். இங்கேதான் கம்பிக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

கிணறும் வாய்க்காலும்

இப்போது வீடுகளுக்கு வரும் கம்பி, பழைய டெலிபோன் செம்புக் கம்பி அல்ல. கண்ணாடி இழை. தலைமுடி பருமன். அதற்குள் ஒளி ஓடுகிறது. ஒளியில் ஏறிச் செய்தி வருகிறது.

ஒரு கண்ணாடி இழை வழியில் பிரிந்து 32 வீடுகளுக்குப் போகும். சில இடங்களில் 64 வீடுகள். ஆகவே கம்பியிலும் பங்கு உண்டு. ஆனால் பங்காளிகள் எத்தனை பேர் என்பது தெரியும். நேற்று 32 பேர் என்றால் இன்றும் 32 பேர்தான். கூட்டுக் கிணறு மாதிரி.

டவர் அப்படி அல்ல. அது வாய்க்கால். வருகிறவர் போகிறவர் எல்லாம் அள்ளுவார்கள். தெருவில் நிற்கும் ஆட்டோக்காரர், பேக்கரியில் டீ குடிக்கிறவர், பஸ்சில் போகிறவர், எல்லோருடைய செல்போனும் அதே டவரில்தான் வாங்குகிறது. மாசி மாதம் கோனியம்மன் தேர் அன்று ராஜ வீதிப் பக்கம் நின்று பாருங்கள். எல்லோர் கையிலும் செல்போன். எல்லோரும் தேரைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காற்று வழி இன்டர்நெட்டை நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆவார்?

தேர் வருடத்துக்கு ஒரு நாள். ஆனால் இரவு 8 மணி தினமும் வருகிறது. அப்போதுதான் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். டி.வி. போடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் காற்று வழி இணைப்பு மூச்சு வாங்குகிறது. வாய்க்கால் கடைமடைக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியது இல்லை.

சுவரும் ஒரு விரோதி. 5-ஜி அலைகளில் பெரும்பகுதி கான்கிரீட்டைத் துளைக்கத் தடுமாறும். தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் நுழைவது இன்னும் கஷ்டம். அதனால்தான் மொட்டை மாடியில் கருவி மாட்டுகிறார்கள். ஜன்னல் ஓரத்தில் வைத்த பெட்டிக்கும், பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த பெட்டிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். பெட்டி அழகாக இல்லை என்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

கம்பி ஏன் அறுகிறது?

அப்படியானால் கம்பிதானே நல்லது? நல்லதுதான். அறுகாமல் இருந்தால்!

கோவையில் 24 மணி நேரமும் குடிநீர் கொடுக்கும் திட்டத்துக்காக, 2018-ல் பிரெஞ்சு கம்பெனி ஒன்றுடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்தது. பழைய 60 வார்டுகளிலும் குழாய் பதிக்க வேண்டும். பாதாள சாக்கடை வேலை தனி. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோ மீட்டர் நீள மேம்பாலம் கட்டினார்கள். ஜி.டி. நாயுடு பெயர் தாங்கிய அந்தப் பாலம் 2025 அக்டோபர் 9-ந் தேதி திறக்கப்பட்டது. இவை எல்லாம் ஊருக்கு வேண்டிய வேலைகள்தான். ஆனால் மண்ணைத் தோண்டாமல் எது நடக்கும்?

தோண்டுகிறவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நாடு முழுவதும் வருடத்துக்கு சுமார் 10 லட்சம் இடங்களில் கண்ணாடி இழைக் கம்பி அறுபடுகிறது என்றும், நஷ்டம் சுமார் 3 ஆயிரம் கோடி ரூபாய் என்றும் மத்திய அரசே கணக்குச் சொன்னது. அதைத் தடுக்க "கால் பிபோர் யூ டிக்" என்ற செயலி 2023 மார்ச் 22-ந் தேதி தொடங்கப்பட்டது. தோண்டும் முன்பு அதில் தகவல் கொடுத்தால், கம்பிக்குச் சொந்தக்காரருக்குச் செய்தி போகும். நல்ல ஏற்பாடு. ஜே.சி.பி. ஓட்டுகிறவர் வரைக்கும் அது எட்ட வேண்டுமே!

மண்ணுக்குள் போகாமல் மின் கம்பத்தில் தொங்கும் கம்பிக்கு வேறு ஆபத்து. உயரமாக மட்டை ஏற்றி வரும் லாரி இழுத்துவிடும். அணில் கடிக்கும்.

அறுந்தால் ஒட்டுவதற்கு ஆள் வேண்டும். பழைய காலத்தில் டெலிபோன் லைன்மேன் சைக்கிளில் வருவார். தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். 2020 ஜனவரி 31-ந் தேதி, ஒரே நாளில், பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் இருந்து 78 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். இப்போது கம்பி வேலையைப் பல இடங்களில் ஒப்பந்தக்காரர்களும் உள்ளூர் கேபிள்காரர்களும்தான் பார்க்கிறார்கள். உங்கள் தெருவில் இருப்பவர் நல்லவராக அமைந்தால் 2 மணி நேரத்தில் வந்து நிற்பார். அமையாவிட்டால் கணபதி கதைதான்.

ஆக, கம்பியை வெட்டலாமா என்று கேட்கிறவரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: போன வருடம் எத்தனை நாள் நின்றது? 2, 3 நாள்தான் என்றால், வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5 நாள் நின்றால், அது கம்பியின் குற்றம் அல்ல, கம்பிக்காரரின் குற்றம். வேறு கம்பிக்காரரைப் பாருங்கள். அதற்கும் வழி இல்லாவிட்டால்தான் காற்று.

தோட்டத்துச் சாளை

இதுவரை சொன்னது நகரத்துக் கதை. கொங்கு நாட்டில் இன்னொரு கதை இருக்கிறது.

இங்கே விவசாயிகள் எல்லோரும் ஊருக்குள் நெருக்கி வீடு கட்டிக்கொண்டு இருப்பது இல்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே தென்னந்தோப்பு இருக்கும். அரை கிலோ மீட்டரும் இருக்கும். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, காங்கேயம் பக்கம் போனால் இதைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் வேலையைத் தமிழ்நாடு பைபர்நெட் கழகம் எடுத்துக்கொண்டது. ஆனால் கம்பி ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் வந்தாலும், அங்கிருந்து 2 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் சாளைக்கு எப்படி வரும்? ஒரே ஒரு வீட்டுக்காக எந்தக் கம்பெனி 2 கிலோ மீட்டர் கம்பி இழுக்கும்? இழுத்தாலும் செலவை யார் கொடுப்பது?

இப்படிப்பட்ட வீட்டுக்குக் காற்று வழி இன்டர்நெட் பெரிய வரம்.

2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது, சாளைப் பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். செல்போனை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார்கள். எங்கே சிக்னல் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்தார்கள். இன்று அதே சாளையின் மொட்டை மாடியில் ஒரு கருவியை மாட்டினால், உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். படித்த பிள்ளை வேலைக்காக ஊரை விட்டுப் போகாமல், தோட்டத்தில் இருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கலாம். தாயும் தகப்பனும் தனியாக இருக்க வேண்டியது இல்லை.

தோட்டத்தில் கூட்டமும் இல்லை. டவரில் பங்குக்கு வருகிறவர்கள் குறைவு. டவர் மட்டும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்துவிட்டால், இரவு 8 மணிக்கும் வேகம் குறையாது. கிணற்று மோட்டாரைச் செல்போனில் போட்டு நிறுத்துகிற நம் விவசாயிக்கு இது ஒன்றும் மாயம் அல்ல. அதுவும் சிம் கார்டு. இதுவும் சிம் கார்டு.

ஆனால் ஆனைகட்டி, வால்பாறை போன்ற மலைப் பக்கங்களில் டவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு குன்று நின்றால் கதை கந்தல். பெட்டி வாங்கும் முன்பு செல்போனை வைத்துச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

1,000 ஜி.பி. எத்தனை நாளைக்கு?

காற்று வழியில் அளவு உண்டு. விளம்பரத்தில் "அன்லிமிடெட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தைப் படியுங்கள். மாதம் 1,000 ஜி.பி. என்று இருக்கும். தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள். கம்பி வழியில் இந்த அளவு பெரும்பாலும் 3,300 ஜி.பி.

1,000 என்பது பெரிய தொகை மாதிரி தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தெளிவான படம் 1 மணி நேரத்துக்கு சுமார் 3 ஜி.பி. சாப்பிடும். வீட்டில் 2 டி.வி. ஒவ்வொன்றும் தினம் 5 மணி நேரம். மொத்தம் 10 மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு 30 ஜி.பி. 30 நாளைக்கு 900 ஜி.பி.! மருமகளின் ஆபீஸ் கூட்டம் படத்துடன் நடந்தால் 1 மணிக்கு சுமார் 1 ஜி.பி. தினம் 5 மணி நேரம், 22 நாள். 110 ஜி.பி. மொத்தம் 1,010!

மாதக் கடைசியில் வண்டி நின்றுவிடும். சம்பளக்காரர் பாடுதான்.

சிலர் இன்னும் சிக்கனமாக, செல்போன் சிம்மையே ஒரு ரூட்டரில் போட்டு வீட்டை ஓட்டப் பார்க்கிறார்கள். தினம் 2 ஜி.பி. என்ற திட்டம் ஒரே ஒரு சினிமாவுக்குக்கூடக் காணாது. 2024 ஜூலையில் கட்டணத்தை உயர்த்தியபோது, பெரிய கம்பெனிகள் அளவில்லாத 5-ஜியைத் தினம் 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டன. 5-ஜி எட்டாத இடத்தில் அந்தச் சலுகையும் கிடையாது.

விலையையும் பாருங்கள். ஜியோ கம்பெனி 2020-ல் கம்பி வழியில் 30 மெகாபிட் வேகத்தை மாதம் 399 ரூபாய்க்கு அறிவித்தது. அதே வேகத்துக்கு, 2023-ல் காற்று வழியில் 599 ரூபாய். இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. ஏர்டெல் காற்று வழிக்கு ஆரம்பத்தில் 799 ரூபாயும், திருப்பித் தரும் டெபாசிட்டாக 2,500 ரூபாயும் கேட்டது. பிறகு சலுகைகள் மாறி மாறி வருகின்றன. எப்படி இருந்தாலும், "கம்பி இல்லை, அதனால் மலிவு" என்று நினைப்பது தப்பு.

கரண்டு போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை கரண்டை நிறுத்துகிறார்கள். அந்த நாளில் எது நிற்கும்?

பழைய செம்புக் கம்பி டெலிபோன் நிற்காது. டெலிபோன் நிலையத்தில் இருந்தே 48 வோல்ட் கரண்டு அந்தக் கம்பியில் வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் மணி அடிக்கும்.

கண்ணாடி இழையில் கரண்டு வராது. ஆனால் வீட்டில் இருக்கும் பெட்டிக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்தால் போதும். தெருவில் அந்த இழையைப் பிரிக்கும் கருவிக்குக் கரண்டே தேவை இல்லை. காற்றுப் பெட்டிக்கும் யு.பி.எஸ். வேண்டும். டவருக்கும் கரண்டு வேண்டும். டவரில் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஓடுமா என்பது உங்கள் கையில் இல்லை.

அட, டவருக்கே கம்பிதான்!

ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. டவர் காற்றில் பேசுகிறது, சரி. டவருக்குச் செய்தி எப்படி வருகிறது? பெரும்பாலான நகர டவர்களுக்கு மண்ணுக்குள் கண்ணாடி இழைக் கம்பிதான் போகிறது! ஜே.சி.பி. அதை அறுத்தால், ஒரு வீடு அல்ல, ஒரு வட்டாரமே தடுமாறும்.

இந்தியாவுக்கே இன்டர்நெட் கடலுக்கு அடியில் கம்பியில்தான் வருகிறது. சென்னையிலும் மும்பையிலும் கரை ஏறுகிறது. 2025 செப்டம்பரில் செங்கடலில் சில கம்பிகள் அறுந்தன. உடனே இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வேகம் குறைந்தது. ஜெட்டா பக்கத்துக் கடலில் அறுந்ததற்கு இங்கே கஷ்டம்!

ஆகவே "கம்பி ஒழிந்தது" என்பது வியாபாரப் பேச்சு. உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் கடைசிக் கம்பி மட்டும்தான் ஒழிகிறது. செம்புக் கம்பி ஒழிவது உண்மை. பிரிட்டன் 2027 ஜனவரிக்குள் பழைய டெலிபோன் முறையை முழுவதும் நிறுத்தத் தேதி குறித்தது. கண்ணாடிக் கம்பி அப்படி அல்ல. அது இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது.

0422

கணபதி வீட்டுக்குத் திரும்புவோம்.

வெள்ளைப் பெட்டி வந்தது. முதல் நாள் எல்லோருக்கும் சந்தோஷம். காலையில் வேலை ஓடியது. சீட்டுப் போட்டார்கள். லாரி கிளம்பியது. இரவு 8 மணிக்குச் சீரியலில் கதாநாயகி அழ ஆரம்பித்தாள். அழுத வாயோடு அப்படியே நின்றுவிட்டாள்! பெட்டியில் வட்டம் சுற்றியது.

"இவ எப்போ அழுது முடிப்பா?" என்று கேட்டார் பாட்டி.

பெட்டியைப் பட்டறைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்து எடுத்து, மாடி ஜன்னலுக்கு மாற்றினார்கள். கொஞ்சம் சரியானது. 10 மணிக்கு மேல் நன்றாகவே ஓடியது. ஆனால் பட்டறை வாசலில் இருந்த பழைய கண்காணிப்புக் கேமராவை வெளியூரில் இருந்து செல்போனில் பார்க்க முடியவில்லை. காற்று வழியில் வீட்டுக்குத் தனி முகவரி கிடைப்பது அபூர்வம். பழைய கேமராவுக்கு அந்த முகவரி வேண்டும்.

12-ம் நாள் கம்பிக்காரர் வந்தார். அறுந்ததை ஒட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. "லைனை சரண்டர் பண்றீங்களா?" என்று கேட்டார்.

பட்டறைக்காரர் யோசித்தார். அந்த லைனில்தான் 0422 என்று ஆரம்பிக்கும் பழைய நம்பர் இருக்கிறது. செம்புக் கம்பி காலத்தில் தகப்பனார் வாங்கிய நம்பர். கண்ணாடிக் கம்பிக்கு மாறியபோது அதே நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பட்டறை போர்டில் அதுதான். கல்யாணப் பத்திரிகையில் அதுதான். செல்போன் நம்பரை 2011 முதல் ஒரு கம்பெனியில் இருந்து இன்னொரு கம்பெனிக்கு நாடு முழுவதும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டு டெலிபோன் நம்பருக்கு அந்த வசதி இல்லை. விட்டால் போனதுதான்.

"ஏனுங்க, ஒரு மாசம் ரெண்டும் இருக்கட்டுமுங்க. அப்புறம் சொல்றேன்" என்றார்.

நம்மைக் கேட்டால் அதுதான் சரியான பதில். ஒரு மாதத்துக்கு இரண்டு பில் என்பது வலிக்கும். ஆனால் ஒரு மாதத்தில் 30 இரவு 8 மணி வரும். ஒரு பராமரிப்பு மின்தடை வரும். ஒரு மழை வரும். எது நின்றது, எது ஓடியது என்று மகள் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள். திருப்பிக் கொடுப்பதானால் பெட்டியைக் கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும், டெபாசிட் எப்போது வரும் என்று எழுதி வாங்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் குறித்திருக்கிறாள்.

இதுவரை 17 நாள் ஆயிற்று. கம்பி ஒரு நாளும் நிற்கவில்லை. காற்று 6 இரவு திணறியது. ஆனால் ஜே.சி.பி. இன்னும் ஊருக்குப் போகவில்லை. அடுத்த தெருவில்தான் நிற்கிறது.